மைக்கில் சொன்ன பெயர்

இருபத்தேழு வயதில் "நான் ரிட்டயர்டு" என்று சொன்னால் ஒருவரும் மதிப்பதில்லை. மதிக்காவிட்டால் போகட்டும். ஒரகடத்தில் எங்கள் மெதடிஸ்ட் சபைக்குச் சமூகப் பணியாளராக நான்கு வருடம் ஓடியவள் நான். என் கணக்கில் அது வேறு வேலைகளில் இருபது வருடத்துக்குச் சமம். இப்போது கோயம்புத்தூரில் ஏசி அறையில் உட்கார்ந்து எக்செல் பார்க்கிறேன். வெயிலில் அலைகிற வேலையிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று என்றுதான் சொல்ல வேண்டும்.

போன வாரம் சபையில் இப்போது அந்த வேலையைப் பார்க்கும் பிள்ளைகள் மூன்று பேர் வீடியோ காலில் வந்தார்கள்.

"பிளெஸ்ஸிக்கா, ஜெபக் குறிப்புக்கு கூகுள் ஃபார்ம் ரெடி பண்ணிட்டோம். சர்ச் கேட்ல க்யூஆர் ஒட்டிட்டா செம ஈஸி. ஒரு தபா பாத்துச் சொல்லுங்க."

திறந்தேன். முதல் கேள்வி, பெயர். பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம், கட்டாயம் நிரப்ப வேண்டும். அடுத்தது ஊர், அதற்கும் சிவப்பு நட்சத்திரம். மூன்றாவது, உங்கள் பிரச்சினை என்ன?

"இத்த இன்னும் ஒட்டலல்ல?"

"இல்லக்கா, ஞாயித்துக்கெழமதான்."

"ஒட்டாதீங்க. ஒண்ணு எழுதி அனுப்புறேன். படிச்சிட்டு அப்புறம் ஒட்டுங்க, இல்ல கிழிங்க."

அதுதான் இது.

தாம்பரத்தில் பி.காம் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தபோது சபையில் ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன். துண்டுப் பிரசுரம் கொடுத்து, பாட்டுப் பாடி, கிறிஸ்துமஸுக்குக் கேக் வெட்டும் வேலை என்று நினைத்தேன். பயிற்சி பதினைந்து நாள். அதில் பத்து நாள் ஈ.எஸ்.ஐ. அட்டையில் பெயர் திருத்துவது, ஆதாரில் முகவரி மாற்றுவது, பி.எஃப். பணம் எடுக்கும் படிவம் நிரப்புவது. மீதி ஐந்து நாள் எஸ்தர் அம்மாவின் பின்னாலேயே நடந்தது.

எஸ்தர் அம்மாதான் எங்கள் போதகர். பெண் போதகர் என்பது அந்தப் பக்கத்தில் இன்னும் பழகவில்லை. "பாஸ்டர் இருக்காரா?" என்று கேட்டு வருகிறவர்களிடம் "இருக்காரு, உக்காருங்க" என்று நாற்காலியை எடுத்துப் போடுவார். தானும் எதிரில் உட்கார்ந்து, "சொல்லுங்க" என்பார். வந்தவர்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். என்னால் சிரிப்பை அடக்க முடியாது. அவர் சிரிக்கமாட்டார்.

கம்பெனி பஸ்கள் திரும்பும் முனையில், தகரக் கூரை போட்ட நீளமான கூடம்தான் கோயில். ஞாயிறு காலை டிரைவர்கள், லாட்ஜில் தங்கியிருக்கும் ஒடிசாப் பையன்கள், ஹாஸ்டல் பெண்கள், சும்மா ஃபேனுக்காக வந்து உட்காரும் இரண்டு பேர், எல்லோரும் இருப்பார்கள். அப்பமும் திராட்சை ரசமும் பகிரும் திருவிருந்தில் கிண்ணம் பிடித்து நிற்பவர் ஒரு திருநங்கை. முதல் தடவை அதைப் பார்த்து ஒரு குடும்பம் எழுந்து போனது. இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. அதுபற்றி எஸ்தர் அம்மா ஒரு பிரசங்கமும் செய்யவில்லை. ஒவ்வொரு திருவிருந்துக்கும் சொல்வதையே அன்றைக்கும் சொன்னார்: "இது நம்ம வூட்டுப் பந்தி இல்ல. நாம பரிமாறுற ஆளுங்க மட்டும்தான். உக்காந்தவங்கள எழுப்பி விட நமக்கு உரிமை கெடையாது."

வீடு பார்க்கப் போவதற்கு அவரிடம் சில முறைகள் உண்டு. இரண்டு பேராகத்தான் போக வேண்டும். கையில் வேதாகமம் எடுத்துப் போகக்கூடாது. "அவங்க கேக்கட்டும், பைக்குள்ள இருந்து எடு." உள்ளே வா என்று சொல்லும் வரை செருப்பைக் கழற்றக்கூடாது, கழற்றினால் அவர்கள் கூப்பிட்டே ஆகவேண்டி வந்துவிடும். எதிரில் உட்கார்ந்து எதையும் எழுதக்கூடாது. கொடுத்ததைக் குடிக்க வேண்டும். நாமாக ஜெபம் செய்யட்டுமா என்று ஆரம்பிக்கக்கூடாது. "நாம போய்த்தான் கடவுளை எறக்கி விடணும்னு நெனைக்காத பிளெஸ்ஸி. அவர் முன்னாடி பஸ்ஸுலயே வந்து உக்காந்துக்கினு இருப்பார்."

திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டே இரண்டு கேள்வி கேட்பார். "நாம போனதால அவங்களுக்கு எது லேசாச்சு? எது பாரமாச்சு?" இரண்டாவதற்கு "ஒண்ணுமில்லம்மா" என்று சொன்னால் விடமாட்டார். "ரெண்டு பேர் போயிருக்கோம், பால் வாங்கி டீ போட்டிருக்காங்க. ஒண்ணுமில்லயா?"

எங்கள் சபை ஆதியிலிருந்தே சொல்லி வருவது மூன்று. தீங்கு செய்யாமல் இருப்பது, நன்மை செய்வது, கடவுளின் அன்பை விட்டு விலகாமல் இருப்பது. "வரிசை முக்கியம்" என்பார் அவர். "நல்லது செய்யணும்னு கை துறுதுறுங்கும்போதுதான் மொதலாவத மறந்துடுவோம்." எனக்கு அது பரீட்சைக்கு வரும் கேள்வி மாதிரி மனப்பாடமாக இருந்தது. அவ்வளவுதான்.

வாரத்தில் இரண்டு நாள், ஷிஃப்ட் விட்டு பஸ்கள் வரும் மதிய நேரத்தில், கோயில் கேட்டுக்கு வெளியே மேசை போடுவோம். வெயிலில் மோர், மழையில் சுக்குக் காபி. பக்கத்தில் நான் படிவங்களோடு உட்கார்ந்திருப்பேன். அங்கேதான் கௌசல்யா வந்தாள்.

பிள்ளைப்பாக்கத்துப் பெண். இருபத்தோரு வயது. வீட்டில் பாதி நிலத்தை விற்றாகிவிட்டது. மீதி நிலத்தில் இன்னும் நெல் போடுகிறார்கள். அவள் ஒரு கார் பாகம் செய்யும் கம்பெனியில், பிரஸ் பகுதியில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தாள். தகடுகளை அழுத்தி வளைக்கிற பெரிய மெஷின்கள் இருக்கிற பகுதி. மோர் குடித்துவிட்டு என்னை வம்புக்கு இழுத்தாள்.

"யக்கா, இன்னா சர்ச்சுன்றாங்க, மோர்ல கறிவேப்பிலை கூட இல்ல. மதம் மாத்தறதுன்னா கொஞ்சம் செலவு பண்ணுங்க."

"உன்ன மாத்தறதுக்கு மோரே ஜாஸ்தி" என்றேன்.

அன்றிலிருந்து தோஸ்த். மூன்றாவது வாரம், கூட்டம் போகும் வரை நின்றிருந்தாள்.

"ஈ.எஸ்.ஐ. இல்லாம ஒரு டாக்டர் சொல்லுக்கா. அங்க காட்டினா கம்பெனிக்குத் தெரிஞ்சுடும்."

"எதுக்கு?"

"எனக்கு ஃபிட்ஸ் வருது. எங்கம்மாக்கும் எனக்கும்தான் தெரியும். இப்ப உனக்கு."

சென்னையில் பெரிய அரசு ஆஸ்பத்திரிக்கு நான்தான் அழைத்துப் போனேன். இரண்டு தடவை. டாக்டரம்மா பொறுமையாகப் பேசினார். மாத்திரை ஒரு வேளைகூட விடக்கூடாது, தூக்கம் கெடக்கூடாது, நைட் ஷிஃப்ட் ஆகாது, மெஷின் முன்னால் நிற்கக்கூடாது. கௌசல்யா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வெளியே வந்ததும் மாத்திரையை ஒரு வைட்டமின் டப்பாவுக்குள் மாற்றிப் போட்டாள்.

"மெஷினு..." என்று ஆரம்பித்தேன்.

"கம்பெனி இன்னா எங்கப்பன் வூட்டுதா, எனக்குப் புடிச்ச வேலை குடுன்னு கேக்க? விடுக்கா. மாத்திர போட்டா சரியாப் பூடும்."

விட்டுவிட்டேன். அது சங்கடமான பேச்சு. மறுபடி எடுத்திருந்தால் அவள் மேசைப் பக்கமே வராமல் போயிருக்கலாம். டாக்டர் சொன்னதை உட்கார்ந்து அவளோடு பேசியிருக்க வேண்டியவள் நான். அதற்குப் பதிலாக நான் செய்தது, ஜெபக் குறிப்பு எழுதியது.

தெரியாதவர்களுக்கு: ஞாயிறு ஆராதனையில், உதவி வேண்டியவர்களுக்காகச் சபை முழுக்க ஜெபிப்பது வழக்கம். யார், எந்த ஊர், என்ன கஷ்டம் என்று ஒரு பட்டியலைப் படிப்பார்கள். சனிக்கிழமை நான் எழுதி அனுப்ப, ஞாயிறு சாலமோன் ஐயா படிப்பார். அவர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். மைக் இல்லாவிட்டாலும் ஸ்ரீபெரும்புதூர் வரை கேட்கும் குரல்.

"பிள்ளைப்பாக்கம் கௌசல்யா, பிரஸ் பகுதியில் வேலை, வலிப்பு நோய் நீங்க" என்று படித்தார். கூடம் முழுக்க "ஆமென்" என்றது. இத்தனை பேர் அவளுக்காக என்று எவ்வளவு பெருமை! சத்தியமாக, அந்த நேரத்தில் நான் செய்ததிலேயே அழகான காரியம் அது என்று நினைத்தேன்.

மூன்றாவது வரிசையில் டேனியல் அண்ணன் உட்கார்ந்திருந்தார். எங்கள் சபைக்காரர். அதே கம்பெனியில், அதே பிரஸ் பகுதியில் சூப்பர்வைசர்.

செவ்வாய்க்கிழமை காலை போன் வந்தது.

"யக்கா, கம்பெனி கேட்ல கார்டு வைக்கறேன், சிவப்பா எரியுது. கான்ட்ராக்டர் ஆளு, நீ வேலைக்கு வராதம்மா, உனக்கு ஒடம்பு சரியில்லயாமேன்றான். அவனுக்கு யாரு சொன்னது?"

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"சர்ச்சுல என் பேர சொன்னியா?"

"ஜெபத்துல..."

அவள் திட்டவில்லை. கட் செய்துவிட்டாள்.

எஸ்தர் அம்மாவிடம் ஓடினேன். குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். முழுக்கக் கேட்டார். பேனாவை மூடினார்.

"அவகிட்ட கேட்டியா, சொல்லலாமான்னு?"

"ஜெபம்தானேம்மா."

"டேனியலுக்கு அது ஜெபமாப் போய்ச் சேந்துச்சா, சேதியாப் போய்ச் சேந்துச்சா?"

சனிக்கிழமை எழுதிய பட்டியலை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"பட்டியலை நானும்தான் கேட்டேன். எனக்கும் தோணல" என்றார். "கெளம்பு. ரெண்டு பேரும் போவோம்."

வழியில் டேனியல் அண்ணனுக்குப் போன் செய்தார். அண்ணன் கெட்டவர் இல்லை. பெயரைக் கேட்டதும் பதறிப்போய், திங்கட்கிழமை காலையே கான்ட்ராக்டரிடம், "அந்தப் பொண்ண மெஷின்ல விடாத, வேற எடத்துல போடு, ஃபிட்ஸ் இருக்குது" என்று சொல்லியிருக்கிறார். கான்ட்ராக்டருக்கு வேறு இடம் தேடுவதைவிட வேறு ஆள் தேடுவது சுலபம்.

பிள்ளைப்பாக்கத்தில் அவர்கள் வீட்டு வாசலில் நெல் காயப் போட்டிருந்தார்கள். கௌசல்யாவின் அம்மா காலால் கிளறிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தும் நிறுத்தவில்லை. உள்ளே வா என்றும் சொல்லவில்லை. நாங்கள் செருப்போடு நெல்லுக்கு இந்தப் பக்கம் நின்றோம்.

"பொண்ணு பாக்க வரவங்ககிட்ட எப்ப சொல்றது, எப்படிச் சொல்றதுன்னு ரெண்டு வருசமா நெனச்சி நெனச்சி சாவறேன்" என்றார். "ஜோசியருக்குக்கூடச் சொல்லல. நீங்க மைக்குல சொல்லிட்டீங்க."

"ஆமாம்மா, தப்பு எங்களோடது" என்றார் எஸ்தர் அம்மா. "சபையோட தப்பு. இந்தப் பொண்ணோடது மட்டும் இல்ல, என்னோடதும்." டேனியல் அண்ணன் வழியாகச் சேதி கான்ட்ராக்டருக்குப் போனதையும் மறைக்காமல் சொன்னார்.

கௌசல்யா கதவுக்குள்ளிருந்து வந்தாள். யூனிஃபார்ம் சட்டையை இன்னும் மாற்றவில்லை.

"மன்னிச்சிடு கௌசி" என்றேன்.

"மன்னிச்சா கார்டு பச்சையா எரியுமா?"

நான் கீழே நெல்லைப் பார்த்தேன்.

"உன்ன நம்பித்தானே சொன்னேன்? ஊர்ல யார்கிட்டயாச்சும் சொல்லணும்னா எங்க ஊருலயே எட்டு டீக்கடை கீது. உன்கிட்ட ஏன் வந்தேன்?"

எஸ்தர் அம்மா குறுக்கே வரவில்லை. எனக்காகப் பேசவும் இல்லை. அவள் நிறுத்தும் வரை நின்றுவிட்டு, ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "நாங்க இப்ப என்ன செய்யணும், கௌசல்யா? நீ சொல்றத மட்டும் செய்யறோம். ஒண்ணும் செய்யாம போங்கன்னாலும் போறோம்."

அவள் யோசித்தாள்.

"டேனியல் சார இங்க வரச் சொல்லுங்க. நீங்க பேசாதீங்க. நானே பேசிக்கறேன்."

அன்று மாலையே அண்ணன் வந்தார். பிஸ்கட் பாக்கெட்டோடு. அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"மா, நான் ஒருத்தனோட கை மெஷின்ல போனத நேர்ல பாத்தவன்" என்றார். "உன் பேரக் கேட்டதும் எனக்கு அதுதான் கண்ணுல வந்துச்சி. உன் வேலை போவும்னு சத்தியமா நெனைக்கல."

"தினம் என் லைன்ல பத்து தபா நடக்கறீங்க சார். எங்கிட்ட வந்து ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே?"

அண்ணன் பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மெஷின் வாணாம்" என்றாள் அவள். "டாக்டரும் அதான் சொன்னாங்க. நான்தான் கேக்கல. டேபிள் வேலை வாங்கிக் குடுங்க. பகல் ஷிஃப்ட். டாக்டர் லெட்டர் நானே குடுக்கறேன். இனிமே மறைக்க இன்னா கீது?"

அண்ணன் பழைய கான்ட்ராக்டரிடம் நடையாய் நடந்தார். முடியவில்லை. தெரிந்த கம்பெனிகளிலெல்லாம் கேட்டார். ஒரு இடத்தில் நேர்முகம் வரை போய், லெட்டரைப் பார்த்ததும் "சொல்லி அனுப்பறோம்" என்றார்கள். அந்த மாதங்களில் கௌசல்யா நிலத்தில் அம்மாவோடு வேலை செய்தாள். மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்கு என்னைக் கூப்பிடவில்லை, தனியாகப் போனாள். மேசைப் பக்கம் வரவேயில்லை. ஒவ்வொரு பஸ்ஸிலும் இறங்குகிறவர்களை நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இதற்கிடையில் சபைக் கூட்டத்தில் ஒரு சண்டை. இனிமேல் சம்மதம் கேட்காமல் பெயரோ, ஊரோ, நோயோ சொல்லக்கூடாது என்றார் எஸ்தர் அம்மா. சாலமோன் ஐயாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"பேர் சொல்லி ஜெபிக்கறதுதாம்மா நம்ம வழக்கம். பேரும் இல்ல, ஊரும் இல்லன்னா? எந்த ஸ்டாப்பிங்னு தெரியாம விசில் குடுக்கச் சொல்றீங்களே!"

"ஏறினவங்களுக்கு எங்க எறங்கணும்னு தெரியும் ஐயா. டிரைவருக்கும் தெரியும். நீங்க விசில் மட்டும் குடுங்க."

கூடம் சிரித்தது. ஐயா சிரிக்கவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு, "வேலை இழந்த ஒரு சகோதரிக்காக" என்று படித்தார். படித்துவிட்டு, பட்டியலில் இல்லாத ஒன்றையும் தாழ்ந்த குரலில் சேர்த்தார்: "அவங்களுக்குத் தீங்கு செஞ்ச எங்களுக்காகவும்." அந்தக் குரல் அவரிடம் இருக்கிறது என்றே அன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

வாரா வாரம் அந்த வரி தொடர்ந்தது. வாரா வாரம் ஐயா என்னை வாசலில் மடக்குவார். "ஏம்மா பிளெஸ்ஸி, அந்த சகோதரிக்கு எதுனா கெடச்சிச்சா?"

"இன்னும் இல்ல ஐயா."

மழைக்காலத்தில் ஒரு நாள், சுக்குக் காபி ஊற்றிக்கொண்டிருக்கிறேன். முன்னால் ஒரு கை நீண்டது. புது யூனிஃபார்ம், வேறு நிறம்.

"காபில வெல்லமே இல்லியேக்கா. நீங்க எப்பதான் உருப்படுவீங்க?"

டேனியல் அண்ணனின் சிநேகிதர் இருக்கும் கம்பெனி. உட்கார்ந்து பாகங்களைப் பார்த்துப் பிரிக்கும் வேலை, பகல் ஷிஃப்ட் மட்டும். நேர்முகத்தில் உட்கார்ந்ததும் முதல் வார்த்தையாக இவளே, "எனக்கு ஃபிட்ஸ் கீது சார், மாத்திர சாப்பிடறேன், இந்தாங்க லெட்டர்" என்றாளாம். அந்த ஆள் லெட்டரை இரண்டு தடவை படித்துவிட்டு, "பக்கத்து டேபிள்ல இருக்கறவங்களுக்கு என்ன பண்ணணும்னு சொல்லிக் குடுத்துடு" என்றாராம்.

நான் மேசையைச் சுற்றி ஓடிக் கட்டிக்கொண்டேன். காபி கொட்டியது. "இரு, உள்ள போய் எஸ்தர் அம்மாகிட்ட..."

"சொல்லாத."

"என்னது?"

"யார்கிட்டயும் சொல்லாத. டேனியல் சாருக்கும் இதான் சொன்னேன். எனக்கா எப்ப தோணுதோ அப்ப சொல்லிக்கறேன்."

"கௌசி, இது நல்ல சேதிடி!"

"என் சேதிக்கா."

சொல்லவில்லை. நான்கு வருட வேலையில் நான் செய்த மிகக் கஷ்டமான காரியம் அதுதான், வெயிலெல்லாம் சும்மா. ஞாயிறு வந்தது. "வேலை இழந்த ஒரு சகோதரிக்காக" என்றார் சாலமோன் ஐயா. கூடம் தலைகுனிந்தது. வேலைக்குப் போய் ஒரு வாரமான பெண்ணுக்கு வேலை கேட்டு அத்தனை பேரும் உருகினார்கள். டேனியல் அண்ணன் மூன்றாவது வரிசையில் கண்ணை இறுக மூடியிருந்தார். நான் எல்லோரையும்விடச் சத்தமாக "ஆமென்" என்றேன். வாசலில் ஐயா மடக்கினார். "ஏம்மா, எதுனா...?"

"ஜெபிச்சிக்கினே இருங்க ஐயா" என்றேன்.

இப்படி ஏழு ஞாயிறு. எட்டாவது வாரம் கௌசல்யாவே எஸ்தர் அம்மாவிடம் வந்து உட்கார்ந்து சொன்னாள். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார், ரொம்ப நேரம். நான் அந்த வேலைக்குத் தகுதியானவள் என்று எனக்கே தோன்றிய முதல் நாள் அது.

பிள்ளைகளே, ஃபார்மில் என்ன மாற்ற வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை. இதை எழுதி முடித்ததும், உங்களுக்கு அனுப்பும் முன்னால், அவளுக்கு அனுப்பினேன். ஒரு நாள் பதில் இல்லை. பிறகு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது, பின்னால் அவள் பிள்ளை கத்திக்கொண்டிருந்தது.

"யக்கா, படிச்சேன். பேர மாத்து, கௌசல்யான்னு போட்டுக்கோ. கம்பெனி பேர எங்கயும் போடாத. ஃபிட்ஸ மட்டும் மாத்தாத, ஜொரம்னு போட்டா எவன் நம்புவான்? அப்புறம் இன்னாக்கா, எங்கம்மா சொன்னது, நான் சொன்னது எல்லாம் வார்த்த மாறாம எழுதிக்கீற. எங்க வூட்டு வாசல்ல நீ நெல்லு மேல குந்திக்கினு தேம்பித் தேம்பி அழுதியே, எங்கம்மா உனக்குத் தண்ணி குடுத்து எழுப்பி உட்டாங்களே, அது எங்க? அத்த போடு. போட்டாத்தான் சம்மதம்."

அழுதேன். காயப் போட்ட நெல்லின் மேல் உட்கார்ந்து அழுதேன். அவள் அம்மா ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தார்.